புனித சவேரியாரும் மொழி வரமும்



தமிழகத்துக் கத்தோலிக்க இல்லங்களில் புனித பிரான்சிஸ் சவேரியாரை அறியாதவர் உண்டோ? கோட்டாற்றிலே அவர் பெயரால் பேராலயம், மணப்பாட்டிலே அவர் தங்கிய குகை, கடற்கரை ஊர்களிலே அவர் பெயர் தாங்கிய ஆண்களும் பெண்களும் எத்தனையோ பேர்! நம்முள் பலர் அவரை ஒரு புதுமைப் புனிதராகவே அறிவோம். நோயாளரைக் குணமாக்கினார், இறந்தோரை எழுப்பினார் என்றெல்லாம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இவை எல்லாவற்றிலும் என் மனத்தை மிகக் கவர்ந்தது அவருடைய மொழி வரம். அவர் ஒரு மொழியில் பேசினால், பல நாட்டவரும் தத்தம் மொழியில் அதனைக் கேட்டனர் என்பது பழங்கால நம்பிக்கை. 1623-ம் ஆண்டு வெளியான அவரது புனிதர் பட்ட ஆணையிலேயே இந்த வரம் குறிப்பிடப்பட்டுள்ளது.

ஆங்கிலத் தேர்வுக்கு முந்தின இரவுகளில், அந்த வரத்தில் ஒரு துளியாவது எனக்குத் தரும்படி நானும் அவரிடம் மன்றாடியது உண்டு. பின்பு அவர் தம் கையாலேயே எழுதிய கடிதங்களைப் பற்றிப் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவற்றில் நான் தேடிய அற்புதம் இல்லை. தமிழ் தெரியாமல் தடுமாறிய ஒரு குருவைத்தான் கண்டேன். முதலில் மனம் வாடியது என்பதை மறைப்பானேன்? ஆனால் படிக்கப் படிக்க அவர் என் கண்ணில் இன்னும் உயர்ந்தார். அது எவ்வாறு என்பதை உங்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

இளமையும் மனமாற்றமும்

ஸ்பெயின் நாட்டின் வடக்கே உள்ள நவார் பகுதியில், சேவியர் என்னும் கோட்டையில் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ம் நாள் பிரான்சிஸ் பிறந்தார். தந்தை அரச சபையில் உயர் பதவி வகித்தவர். ஆனால் 1512-ல் நவார் அரசு ஸ்பெயினின் வசமாயிற்று. மூன்று ஆண்டுகளில் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டில் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. பத்து வயதுச் சிறுவனான பிரான்சிஸ், தம் வீட்டின் பெருமை கண்ணெதிரே சரிவதைக் கண்டார்.

இழந்த பெருமையைக் கல்வியால் மீட்க எண்ணினார் போலும்! 1525-ல் பாரிஸ் பல்கலைக் கழகம் சென்றார். அறிவில் சிறந்தவர், விளையாட்டிலும் வல்லவர். 1530-ல் முதுகலைப் பட்டம் பெற்று, தத்துவம் கற்பிக்கும் ஆசிரியரானார். புகழும் பதவியும் அவரை அழைத்தன.

அவருடைய அறையில் பீட்டர் ஃபேவர் என்னும் நல்ல மாணவர் தங்கியிருந்தார். 1529-ல் மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். போரில் கால் அடிபட்டு நொண்டி நடந்த அவர்தான் லொயோலா இஞ்ஞாசியார். ஆன்மாவை இழந்தவனுக்கு உலகமே கிடைத்தாலும் என்ன இலாபம் என்ற நற்செய்தியின் கேள்வியை இஞ்ஞாசியார் அவர் மனத்தில் ஓயாது ஊன்றினார் என்பர். பிரான்சிஸ் எளிதில் இணங்கவில்லை. ஆயினும் ஆண்டுகள் சில சென்றபின் அந்த உறுதியான நெஞ்சம் இளகிற்று. 1534-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ம் நாள், மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, மோன்மார்த்ரு குன்றில் எழுவர் வார்த்தைப்பாடு கொடுத்தனர். அவர்களில் சவேரியாரும் ஒருவர். இவர்களே பின்னர் இயேசு சபையின் தொடக்கமாயினர். 1537-ல் வெனிஸ் நகரில் அவர் குருப்பட்டம் பெற்றார்.

கீழ்த்திசைப் பயணம்

போர்த்துக்கல் அரசர் மூன்றாம் யோவான் கீழ்நாடுகளுக்குக் குருக்களை வேண்டினார். அதற்கென முதலில் குறிக்கப்பட்டவர் சவேரியார் அல்லர். பொபதில்லா என்ற வேறொரு தோழர். அவர் நோயுற்றமையால் அந்தப் பணி சவேரியாருக்குக் கிடைத்தது. தயக்கமின்றி உடனே ஏற்றார். 1541 ஏப்ரல் 7-ம் நாள், தம் 35-வது பிறந்த நாளன்று, லிஸ்பனிலிருந்து கப்பலேறினார். வழியில் மொசாம்பிக்கில் பல மாதங்கள் தங்கி, நோயுற்ற பயணிகளுக்குப் பணிவிடை செய்தார். 1542 மே 6-ம் நாள் கோவா வந்தடைந்தார்.

பாப்பரசரின் தூதர் என்ற பட்டம் அவரிடம் இருந்தது. ஆயினும் அவர் மருத்துவமனையில் தங்கி, நோயாளருக்கும் தொழுநோயாளருக்கும் ஊழியம் செய்தார். தெருத் தெருவாக மணியடித்துச் சென்று, குழந்தைகளைக் கூட்டி ஞானோபதேசம் கற்பித்தார்.

முத்துக்குளித்துறையில்

அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே அவர் நம் தமிழகக் கரைக்கு வந்தார். கன்னியாகுமரி முதல் வடக்கே நீளும் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த பரதவ மக்கள், அவர் வருகைக்குச் சில ஆண்டுகள் முன்பே, ஏறத்தாழ 20,000 பேர், ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் அவர்கள் மொழியில் மறையைக் கற்பிக்க எவரும் இல்லை. நீங்கள் யார் என்றால் கிறிஸ்தவர் என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் அறியார்கள்.

சவேரியாரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அவர் தாய்மொழி பாஸ்கு. இம்மக்களின் மொழி தமிழ். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கவில்லை என்று அவரே எழுதியுள்ளார். வானத்திலிருந்து நெருப்பு நாக்கு இறங்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? போர்த்துக்கீசியமும் தமிழும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டினார். பல நாட்கள் அவர்களோடு உட்கார்ந்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கச் செய்தார். பின்பு அவற்றை ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்தார். பாரிஸில் தத்துவம் கற்பித்த பேராசிரியர், முப்பத்தாறு வயதில், பாலர் வகுப்புப் பிள்ளையைப் போல மனப்பாடம் செய்தார்! பிறகு கையில் மணியோடு ஊர் ஊராகச் சென்று, நாளுக்கு இருமுறை சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டி அவற்றைச் சொல்லிக் கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கைகள் சோர்ந்ததும், மந்திரங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் அடைத்ததும் உண்டு.

கொம்புத்துறைப் பெண்

அப்படியானால் புதுமைகளே இல்லையா என்று கேட்பீர்கள். ஒரு நிகழ்ச்சியை அவரே இஞ்ஞாசியாருக்கு 1542 அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து எழுதியுள்ளார். கொம்புத்துறை என்ற ஊரில் எவரும் கிறிஸ்தவர் அல்லர். அங்கே ஒரு பெண் மூன்று நாட்களாகப் பிரசவ வேதனையில் துடித்தாள். பிழைப்பாள் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை. சவேரியார் அவ்வீட்டினுள் சென்றார். உடன் வந்தவர் மொழிபெயர்க்க, விசுவாசப் பிரமாணத்தை விளக்கினார். அவள் விசுவசித்தாள். ஞானஸ்நானம் கொடுத்தார். உடனே சுகப் பிரசவம் ஆயிற்று. தொடர்ந்து அக்குடும்பம் முழுவதும், பின் தலைவரின் அனுமதி பெற்று அவ்வூராரும், திருமறையைத் தழுவினர்.

இங்கே கவனியுங்கள்: பெரும் புதுமை என்று நாம் கொண்டாடும் இந்நிகழ்ச்சியிலும் அவர் பேசியது மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே. குணம் தந்தது இறைவனின் இரக்கம் என்றே எழுதினார். தம்மிடம் ஒரு சக்தி இருப்பதாக ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

சிறுவர்களின் விசுவாசம்

இதைவிட அழகானது இன்னொன்று. நோயாளரைப் பார்க்க வரும்படி நாள்தோறும் பலர் அழைத்தனர். ஒருவர் எத்தனை வீடுகளுக்குப் போக முடியும்? ஆகவே மந்திரங்களைக் கற்றிருந்த சிறுவர்களை அவர் அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டில் குடும்பத்தாரையும் அயலாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, விசுவாசம் கொள்ளும்படி நோயாளியைத் தூண்டுவர். வீட்டார், அயலார், சிறுவர் ஆகியோரின் விசுவாசத்தைக் கண்டு இறைவன் பலருக்கு உடல்நலமும் ஆன்ம நலமும் அருளினார் என்று அவர் எழுதினார். புகழைத் தேடுபவர் தம் கையில் இருக்கும் வரத்தைப் பிறர் கையில் கொடுப்பாரா? பெயர் தெரியாத அந்தக் கடற்கரைச் சிறுவர்களிடம் அவர் அதனை ஒப்படைத்தார்.

ஒரு சொல்லின் பிழை

என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது 1544-ல் அவர் தம் தோழர் மான்சில்லாசுக்கு எழுதிய கடிதத்தில் உள்ள ஒரு சிறு திருத்தம். விசுவாசப் பிரமாணத்தைத் தமிழாக்கியபோது, விசுவசிக்கிறேன் என்று வர வேண்டிய இடத்தில், எனக்கு வேணும் என்று போட்டுவிட்டனர். அதாவது, கடவுளை விசுவசிக்கிறேன் என்பதற்குப் பதிலாக, கடவுள் எனக்கு வேணும் என்று ஊர் ஊராக மக்கள் சொல்லி வந்தனர்! பிழையை உணர்ந்த சவேரியார் கூச்சப்படவில்லை. வேணும் என்ற சொல்லை எடுத்துவிட்டு விசுவாசம் என்ற சொல்லை வைக்கும்படி தோழருக்கு எழுதினார்.

தோழியரே, மொழி வரம் பெற்றவர் என்று உலகம் போற்றும் ஒருவர் தம் தமிழைத் தாமே திருத்திக்கொள்கிறார்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. நம் செபங்களில் எப்போதும் நிற்பது அந்த வேணும் என்ற சொல்தானே? மார்க்கு வேணும், சுகம் வேணும், வரம் வேணும், புதுமை வேணும். சவேரியார் தமிழில் செய்த முதல் திருத்தங்களில் ஒன்று, வேணும் என்பதை நீக்கி விசுவாசம் என்று வைத்தது. அது இலக்கணத் திருத்தம் மட்டும்தானா? எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மொழிபெயர்ப்பாளரும் இல்லாமல் தனித்து நின்றார். தம் பிரசங்கம் அவர்களுக்கு விளங்காது, அவர்கள் பேச்சு தமக்கு விளங்காது என்ற நிலையைத் தோழருக்கு வேடிக்கையாகவே எழுதினார். ஆனால் பச்சிளங் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஏழைகளின் துன்பத்தைக் கண்டு புரிந்துகொள்ளவும் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்றும் குறிப்பிட்டார். இதுவன்றோ உண்மையான மொழி வரம்!

துன்பத்தில் துணை

1544 ஜூனில் வடுகர் படை குமரிமுனைப் பக்கத்துக் கடலோர ஊர்களைத் தாக்கிற்று. மக்கள் கடலினுள் நீண்டிருந்த பாறைகளுக்கு ஓடி ஒளிந்தனர். பசியாலும் தாகத்தாலும் பலர் மடிந்தனர். செய்தி கேட்ட சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் உணவும் நீரும் கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று பலமாக வீசியதால் தோணிகள் கரைசேர முடியாமல் திரும்பின. காற்றை அதட்டி அடக்கும் வரம் அவருக்கு அன்று அருளப்படவில்லை. அதற்காக அவர் மனம் தளர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. தரைவழியே குமரிமுனைக்குச் சென்றார். மக்களைக் கொடுமைப்படுத்திய போர்த்துக்கீசிய அதிகாரிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர்களைப் பற்றி அரசருக்கே முறையிட்டு எழுதினார்.

ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000-க்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் அளித்தார். குமரிமுனைப் பக்கம் அவர் இறந்தவர் ஒருவரை எழுப்பினார் என்ற பேச்சு அக்காலத்தில் கோவாவரை பரவியது. நண்பர்கள் அதுபற்றி நேரில் கேட்டபோது, அவர் வெட்கத்தால் முகம் சிவந்து, பாவியாகிய நானா என்று வியந்து, பேச்சை மறுத்தார் என்று அவர் இறந்தபின் நடந்த விசாரணைகளில் சாட்சி கூறப்பட்டுள்ளது. என்னே அவர்தம் தாழ்ச்சி!

1545-ல் மயிலாப்பூரில் புனித தோமையார் கல்லறை அருகே நான்கு மாத காலம் தங்கினார். அடுத்து எங்கே செல்வது என்பதை அறிய அங்கே இரவும் பகலும் செபித்தார். தமக்கு ஒரு வரத்தைக் கேட்டு அவர் அங்கே தங்கவில்லை. இறைவனின் சித்தம் எதுவெனக் கேட்டுத் தங்கினார்.

யப்பானிலும் அவ்வாறே

மலாக்கா, மொலுக்காஸ் தீவுகள் எனப் பயணம் தொடர்ந்தது. அங்கே மந்திரங்களை மலாய் மொழியில் பெயர்த்துக் கற்பித்தார். 1549 ஆகஸ்டு 15-ம் நாள் யப்பான் நாட்டின் ககோஷிமா நகரில் இறங்கினார். மீண்டும் புதிய மொழி! மக்கள் தங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, தாங்கள் வாய் பேசாத சிலைகளைப் போல் நின்றதாகவும், குழந்தைகளைப் போல மொழி கற்க வேண்டியிருந்ததாகவும் எழுதினார்.

அங்கும் ஒரு சொல் இடறிற்று. கடவுளைக் குறிக்க, அஞ்சிரோ என்ற யப்பானியர் சொல்லித் தந்த தைநிச்சி என்ற சொல்லை அவர் பயன்படுத்தி வந்தார். அது பௌத்தர்கள் வணங்கும் ஒரு புத்தரின் பெயர் என்பது பின்னரே தெரிந்தது. உடனே அச்சொல்லை விடுத்து, தேயுஸ் என்ற இலத்தீன் சொல்லைக் கையாண்டார். பிழையை ஒப்புக்கொண்டு திருத்தும் துணிவு அவரிடம் எப்போதும் இருந்தது.

சான்சியன் தீவில்

சீன நாட்டிற்கு மறையைக் கொண்டு செல்வது அவரது இறுதி ஆவல். 1552-ல் சீனக் கரைக்கு அருகிலுள்ள சான்சியன் தீவை அடைந்தார். அழைத்துச் செல்வதாக வாக்களித்த வணிகர் வரவில்லை. குளிர்காற்றில் ஒரு குடிசையில் காய்ச்சலுற்றுக் கிடந்தார். அந்தோனியோ என்ற சீன வாலிபர் மட்டும் உண்மையோடு உடனிருந்தார். பிறரைக் குணமாக்கியவர் என்று புகழ்பெற்ற அவருக்குக் குணம் கிட்டவில்லை. டிசம்பர் 3-ம் நாள் அதிகாலையில், 46-ம் வயதில், இயேசுவின் திருநாமத்தைச் சொல்லியவாறு உயிர் துறந்தார்.

அக்கடைசி நாட்களில், அந்தோனியோவுக்கு விளங்காத ஒரு மொழியில் அவர் பேசினாராம். அது அவர் தாய்மடியில் கற்ற பாஸ்கு மொழியாக இருக்கலாம் என்று பலர் கருதுகின்றனர். எத்தனையோ மக்களின் மொழிகளில் செபம் சொல்லக் கற்றவர், இறுதியில் தம் அன்னையின் மொழியில் இறைவனோடு பேசினார் என்று எண்ணும்போது நெஞ்சம் உருகுகிறது.

அவரது உடல் அழியாதிருக்கக் கண்டு மலாக்காவிற்கும், பின்னர் 1554-ல் கோவாவிற்கும் கொண்டுவந்தனர். இன்று அது போம் ஜேசு பேராலயத்தில் உள்ளது. 1622 மார்ச் 12-ம் நாள் இஞ்ஞாசியாரோடு அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார். 1927-ல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், புனித குழந்தை தெரேசாளோடு அவரை மறைபரப்புப் பணியின் பாதுகாவலராக அறிவித்தார்.

வரங்கள் எதற்காக?

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பல வரங்களை எண்ணிச் சொல்கிறார். குணமாக்கும் வரம், புதுமை செய்யும் வரம், பல மொழி பேசும் வரம், அவற்றை விளக்கும் வரம் எல்லாம் ஒரே ஆவியிடமிருந்து வருபவை. எல்லாருக்கும் எல்லாம் கொடுக்கப்படுவதில்லை. கொடுக்கப்படுவதும் பொது நன்மைக்காகவே. அன்பு இல்லையெனில் அவை வெறும் ஓசை என்பது அவர் போதனை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964-ல் திருச்சபையைப் பற்றிய ஏட்டில், வரங்களை நன்றியோடு ஏற்கச் சொல்கிறது. அசாதாரண வரங்களைத் துணிந்து தேடித் திரிய வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. 1967-ல் தொடங்கிய அருங்கொடை இயக்கத்தின் செபக் கூட்டங்களில் இன்று பலர் மொழி வரத்தையும் குணமளிக்கும் வரத்தையும் கேட்டு மன்றாடுகின்றனர். கேட்பது தவறன்று. சின்னப்பரே வரங்களை ஆவலோடு நாடச் சொல்கிறார். ஆனால் எதற்காகக் கேட்கிறோம்? பிறர் நம்மைக் கண்டு வியக்கவா, பிறருக்கு நாம் உதவவா?

சவேரியாரின் வாழ்க்கையில் இதற்கு விடை உண்டு. வரம் கிடைத்த இடத்தில் அதைப் பிறருக்காகப் பயன்படுத்தி, மகிமையை இறைவனுக்கே விட்டார். வரம் கிடைக்காத இடத்தில் வியர்வை சிந்தி உழைத்தார். மனப்பாடம் செய்தார், பிழை செய்தார், திருத்தினார், மீண்டும் மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அவருக்குப் பின் இக்கரைக்கு வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை நன்கு கற்று, 1578-ல் தம்பிரான் வணக்கம் என்ற நூலைத் தமிழில் அச்சேற்றினார். இந்திய எழுத்து வடிவில் இந்தியாவில் அச்சான முதல் நூலாக அது கருதப்படுகிறது. அந்த மணியோசையின் எதிரொலி அன்றோ அது?

இப்போதும் தேர்வுக்கு முன் நான் சவேரியாரிடம் மன்றாடுகிறேன். ஆனால் படிக்காத பாடம் தானாக நாவில் வரும்படி கேட்பதில்லை. தமிழின் ஒவ்வொரு சொல்லையும் பிறர்க்காக மனப்பாடம் செய்த அந்தப் பொறுமையைக் கேட்கிறேன். தோழியரே, நாமும் வேணும் என்பதோடு நின்றுவிடாமல் விசுவசிக்கிறேன் என்று சொல்லக் கற்போமாக! நமக்குக் கிடைத்த சிறு வரங்களைப் பிறர் நலனுக்கே செலவிடுவோமாக!

புனித சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.